பச்சையம்மாள் வாங்கிய ரிவால்வர்

எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுங்க என்று பச்சையம்மாள் முதல் தடவை கேட்டபோது, அவள் புருஷன் சுப்புராயன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு வேட்டியெல்லாம் சிந்தியது. இரண்டாம் தடவை கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. சோற்றை வட்டிலில் போட்டு வைத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போய்விட்டாள். மனுசனுக்கு அன்றைக்குத்தான் உள்ளுக்குள் உதறல் எடுத்தது.

விஷயம் இதுதான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிற குடும்பம் அவர்களுடையது. ஊருக்குள் பெரிய வீடு ஒன்று இருந்தது. அதில் சுப்புராயனின் அண்ணன் கந்தசாமியும் அவர் மனைவி ராஜாம்பாளும் ஆட்சி செய்தார்கள். பச்சையம்மாள் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அடுப்பங்கரையில் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. ராஜாம்பாள் கெட்டவள் இல்லை. ஆனால் கொத்தமல்லி எவ்வளவு கிள்ள வேண்டும் என்பதையும் அவளே நின்று சொல்லுவாள். சொல்லி முடித்துவிட்டு அவளே கிள்ளியும் போடுவாள்.

பாகம் பிரிந்து, ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில், பச்சையம்மாள் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டாள். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு கொடுக்காப்புளி மரம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீளப் படுத்திருக்கும். அடிவாரத்தில்தான் அவள் பிறந்த வீடு. காலையில் வாசல் தெளிக்கும்போது அந்த மலையைப் பார்த்துக்கொண்டே தெளிப்பாள். தன் வீட்டில், தன் இஷ்டத்துக்கு, உப்புக் கூடப் போட்டாலும் கேட்க ஆளில்லாமல் வாழ்வதில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தார்கள் திருடர்கள். ஒவ்வொரு கொல்லையாக மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கொல்லைக் கொளஞ்சியப்பனின் கொட்டாயில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அண்டா குண்டானோடு கிடாக்குட்டியையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு பக்கத்து ஊரில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தியின் தாலிக்கொடியைப் பட்டப்பகலில் அறுத்தார்கள். கந்தசாமி ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கரும்பு அரவ ஆரம்பிச்சா நீ வண்டியோட ஆலையில போய் படுத்துக்குவ. பொம்பள ஒண்டியா கொல்லையில கெடக்கணுமா? வூட்ட பூட்டிக்கினு ஊருக்குள்ள வந்துடுங்கடா."

சுப்புராயன் அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அவர் தலையை ஆட்டிய அந்த ஆட்டத்தில் பச்சையம்மாளின் வீடு மொத்தமும் ஆடிப் போயிற்று. அப்போதுதான் அவள் துப்பாக்கி கேட்டாள்.

வெறும் வீம்புக்குக் கேட்கவில்லை. அவளுடைய அப்பா மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டவர். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பே பச்சையம்மாள் அதைச் சுட்டிருக்கிறாள். அப்பாவுக்குப் பின் அது அவள் அண்ணனிடம் போனது. அங்கே போயிருந்தபோது அதை வீட்டுக்குள் வைத்துத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். குழல் நுனி உறியில் மாட்டி மோர்ப்பானை நடுவீட்டில் விழுந்து உடைந்தது. அண்ணி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

"வூட்டுக்குள்ள திருப்ப முடியாதது இன்னாத்துக்கு ஆவும்? ஒரு கையில புடிக்கிற மாதிரி வேணும்" என்றாள் சுப்புராயனிடம்.

"லைசென்சு எம்பேர்ல எழுதலாமா?"

"நீங்க ஆலையில இருப்பீங்க. உங்க லைசென்சும் உங்ககூட ஆலையில இருக்குமா? வூட்டுல இருக்கறவ நானு. எம்பேர்ல எழுதுங்க."

கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு போனது. விசாரிக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் கொடுக்காப்புளி மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, யாரச் சுடப் போற?"

"யாரையும் சுடாம இருக்கத்தான் சார் கேக்கறேன். இந்த வூட்டுல ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

அவர் மோர் குடித்துக்கொண்டே யோசித்தார். "எங்க வூட்டம்மாகிட்ட மட்டும் இந்த யோசனைய சொல்லிடாதம்மா" என்று சொல்லிவிட்டு நல்லவிதமாக எழுதிக் கொடுத்தார். கடலூர்க்காரர்கள் இழுத்தடித்தார்கள், கூப்பிட்டார்கள், உட்கார வைத்தார்கள். பச்சையம்மாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கடைசியில் லைசென்ஸ் வந்தது.

உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி மெட்ராஸ் போனார்கள். துப்பாக்கிக் கடைக்காரர் சுறுசுறுப்பான ஆள். கண்ணாடி மேஜை மேல் பச்சைத் துணியை விரித்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். எடுத்து வைத்ததெல்லாம் சுப்புராயனின் பக்கம் பார்த்துத்தான். சுப்புராயன் கட்டை விரலைப் பெண்டாட்டி பக்கம் காட்டினார். கடைக்காரர் ஒரு நொடி திகைத்து, துணியோடு மொத்தத்தையும் அந்தப் பக்கம் நகர்த்தினார்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? மூன்றில் ஒன்று வெள்ளை வெளேரென்று, தந்தம் மாதிரிப் பிடி போட்டு, ஜம்மென்று இருந்தது. சுப்புராயன் அதை எடுத்து, அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதாம்மே நமக்கு. ராசா மாதிரி கீது."

"அண்ணே, காலியா இருந்தாலும் ஆளப் பாத்து நீட்டக் கூடாது. கண்ணாடியில இருக்கறது நீங்கதான்" என்று கடைக்காரர் மெதுவாக அதை வாங்கிக் கீழே வைத்தார்.

பச்சையம்மாள் கேட்டாள். "மாசக்கணக்குல தொடாம பொட்டியில கெடக்கும். ஒரு நாளு திடீர்னு எடுப்பேன். அப்போ வேல செய்யுமா? எங்க ஆயில் எஞ்சினு மாதிரி கைப்பிடிய சுத்திக்கினே நிக்கக் கூடாது."

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு தூரம் பாயும் என்றுதான் கேட்பார்களாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் யாருமில்லையாம். அவர் முதலில் தட்டையாக, சின்னதாக இருந்த பிஸ்டலைக் காட்டினார்.

"இது நல்லாத்தான் சுடும். ஆனா குண்டு குறுக்க சிக்கிக்கிச்சின்னா ரெண்டு கையாலயும் இழுத்து எடுத்துட்டுத்தான் அடுத்தது. பயத்துல கை நடுங்கறப்ப அது கஷ்டம். இந்த ரெண்டும் ரிவால்வர். ஒரு தோட்டா வெடிக்கலன்னா ஒண்ணும் பண்ண வேணாம், மறுபடி இழுங்க. உருளை சுத்தி அடுத்தது தானா வந்து நிக்கும்."

"அப்போ ரிவால்வருதான்" என்றாள்.

வெள்ளைப் பிடி போட்டது பெரிது. கடைக்காரர் அதைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு, ஆளில்லாத சுவரைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னார். அவளுக்கு விரல் நுனிதான் எட்டியது. விசையை இழுத்தபோது குழல் மேலே கீழே ஆடியது. மூன்றாவது, கறுப்பாக, குட்டையாக, பல பேர் கைபட்டுப் பிடி மழமழவென்று ஆகியிருந்தது. பார்வைக்கு ஒன்றும் இல்லை. அதைப் பிடித்ததும் அவள் கைக்குள் அடங்கிக்கொண்டது. இழுத்தாள். டிக். இன்னொரு தடவை இழுத்தாள். டிக். கை ஆடவே இல்லை.

"இதுதான்."

"பழசும்மே அது" என்று சுப்புராயன் அழாத குறையாகச் சொன்னார்.

"நீங்க மட்டும் புதுசா?"

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோட்டாப் பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அம்மா, இது ஏமாத்தாது. இழுத்தா வெடிக்கும். தெரியாம இழுத்தாலும் வெடிக்கும், தப்பான ஆளா இருந்தாலும் வெடிக்கும். முடிவு பண்ற வரைக்கும் விரல் வெளியவே இருக்கட்டும். எதிர்ல யாருன்னு தெரியாம கையே தூக்காதீங்க. யாருக்கும் வேடிக்கையும் காட்டாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் மடியில் பையை அணைத்துக்கொண்டே வந்தாள். பழக்காரி, முறுக்குக்காரன், கண்டக்டர் எல்லாரும் அவளை உரசிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. ஊருக்கு மெல்ல மெல்லத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினாள். மாலைக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. சுப்புராயனுக்கு வாயில் எதுவும் தங்காது.

மறுநாளே ராஜாம்பாள் கொல்லைக்கு வந்துவிட்டாள்.

"ஒரே ஒருவாட்டி காட்டேன்டி. கண்ணால பாத்துட்டு போய்டறேன்."

"பூட்டி சாவிய அவருதான்க்கா வச்சிக்கினு கீறாரு" என்றாள் பச்சையம்மாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ராஜாம்பாளிடம் ஒரு விஷயத்துக்கு முடியாது என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த ருசி இரண்டு நாள் நாக்கில் இருந்தது.

ஆனால் கந்தசாமி மட்டும் அசையவில்லை. துப்பாக்கியாவது மண்ணாங்கட்டியாவது, அரவைக்குள்ள வூட்ட பூட்டணும் என்று தம்பியிடம் திரும்பவும் சொல்லி அனுப்பினார். பச்சையம்மாள் நேரில் போய்ப் பேசலாம்தானே என்றால் முடியாது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அது ஒரு வழக்கம். புருஷனின் அண்ணன், அதாவது மூத்தார், வருகிற இடத்தில் தம்பி பெண்டாட்டி நிற்க மாட்டாள். அவர் அவளோடு பேசமாட்டார். அவள் அவரோடு பேசமாட்டாள். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைத் தூணிடமோ மாட்டிடமோ சொல்லுவார்கள். மாடு பதில் சொல்லாது. அப்படியே காலம் போயிற்று.

அவை இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த வருடங்கள். அரவைக்கு முந்தின சமயத்தில் பெரிய மறியல் அறிவித்தார்கள். சுப்புராயனின் மகள் ராதிகா நல்ல மார்க் வாங்கியும் டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் கிடைக்காமல், அத்தை வீட்டில் தங்கி டைப் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வயிற்றெரிச்சலில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். புளியமரங்கள் சாய்ந்தன. பஸ் நின்றது, லாரி நின்றது.

மறியல் தொடங்கிய அன்று காலையில் தலையாரி வந்தார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம், உத்தரவாம்.

"ரோட்டுல மரம் கெடக்குதே, எதுல போவேன்? நடந்து போனா வழியில நாலு பேரு பையப் புடுங்கிப் பாத்தா?" என்று கேட்டாள்.

தலையாரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வழி திறந்ததும் கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினாள். அவர் ஸ்டேஷனில் அதைச் சொன்னாரோ என்னவோ, ஊருக்குள் எல்லாத் துப்பாக்கியும் ஸ்டேஷனுக்குப் போயாச்சு என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

மறியலின் மூன்றாம் நாள், விளக்கு வைக்கிற நேரம். பச்சையம்மாள் பால் கறந்துவிட்டு எழுந்தாள். கிணற்றடி மோட்டார் கொட்டகையின் கதவு அரைவாசி திறந்திருந்தது. அவள் சாத்திவிட்டு வந்த கதவு. உள்ளே ஏதோ நகர்ந்தது. ஒரு ஆள். கையில் தடி.

ஓடிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஊர் கூப்பிடு தூரம் இல்லை. இன்றைக்குப் பயந்து ஓடினால் அதன் பிறகு இந்த வீட்டுக்குத் திரும்பி வரவே விடமாட்டார்கள், ராஜாம்பாளின் அடுப்பங்கரையில்தான் சாக வேண்டும். அந்த நினைப்பில் பயத்தை ஆத்திரம் முந்திக்கொண்டது. உள்ளே போனாள். பெட்டியைத் திறந்தாள். வந்து வாசற்படியில் நின்று இரண்டு கையாலும் பிடித்தாள்.

"யார்ரா அவன்?"

பதில் இல்லை. உருவம் கதவோரமாக வந்து நின்றது. ஓடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு கீற? பேர சொல்லுடா! ஒயர் அறுக்க வந்த நாயே, உன்னப் பெத்தாளே ஒருத்தி, அவள சொல்லணும்டா!"

அப்படியே நின்றது. பதில் சொல்லாமல் நிற்கிறவனைப் போல எரிச்சல் உண்டாக்குகிறவன் உலகத்தில் கிடையாது. பச்சையம்மாளின் விரல் விசைக்குள் போயிற்று. கடைக்காரர் சொன்னது ஒன்றும் அப்போது நினைவில் இல்லை. குழல் ஆடவில்லை. கறுப்பு ரிவால்வர் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நேராக நின்றது.

"பேசலன்னா சுட்டுடுவேன்!"

அப்போது அந்த உருவம் இருமியது.

சளி இருமல் இல்லை அது. க்ஹும், க்ஹும் என்று தொண்டையைக் கனைக்கிற இருமல். பெரிய வீட்டில் மூத்தார் உள்ளே நுழையும்போது, பெண்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று வாசலில் நின்று இருமுவாரே, அதே இருமல். பச்சையம்மாளின் புத்திக்கு அது எட்டுவதற்குள் அவள் உடம்புக்கு எட்டிவிட்டது. கை தானாகத் தாழ்ந்தது. கால் தானாகப் பின்வாங்கிக் கதவு மறைவில் போய் நின்றது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தி, குனிந்து, மரியாதையாக நின்றாள். முந்தானைக்குள் தோட்டாக்களோடு ரிவால்வர் இருந்தது.

மூத்தார் தடியைக் கதவில் சாய்த்து வைத்தார். மாடு பெருமூச்சு விட்டது.

கந்தசாமி மாட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "துப்பாக்கிய போலீசு வாங்கிக்கிச்சின்னு சொன்னாங்க. தம்பி ரோட்டுல கெடக்கறான். கொல்லையில பொண்ணு ஒண்டியா கீது. சும்மா இருக்க மனசு கேக்கல. மூணு நாளா கொட்டாயில வந்து படுத்துக்கினு, விடியறதுக்குள்ள போய்டறேன். வூட்டுல தங்கறது மொறையில்ல."

பச்சையம்மாள் தூணைப் பார்த்துச் சொன்னாள். "யாருன்னு கேட்டேனே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எப்டி சொல்றது? பேசக்கூடாதே" என்றார் அவர் மாட்டிடம்.

அதைக் கேட்டதும் பச்சையம்மாள் அப்படியே உட்கார்ந்தாள். உருளையைத் திறந்து தோட்டாக்களை மடியில் கொட்டினாள். எத்தனை பார்த்துப் பார்த்து வாங்கியது! இழுத்திருந்தால் ஏமாற்றியிருக்காது. புருஷனின் அண்ணன் மோட்டார் கொட்டகை வாசலில் விழுந்திருப்பார், முறை தவறாமல், வாயைத் திறக்காமல். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவு மறைவை விட்டு வெளியே வந்து, அவர் எதிரில் முகத்துக்கு முகம் நின்றாள்.

"மாமா."

கந்தசாமி திடுக்கிட்டு மாட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க மொறைய கொண்டுபோய் கெணத்துல போடுங்க. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தேன்னா உங்க தம்பி மூஞ்சியில நான் எப்டி முழிப்பேன்? நாளைலேர்ந்து எங்கிட்ட பேசணும். திட்டணும்னாலும் என்னப் பாத்து திட்டுங்க. இப்போ உள்ள வந்து சாப்புடுங்க."

கந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "எங்கம்மாவ வேற திட்டிட்ட" என்றார். அவளிடமே சொன்னார். அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அத்த மேல இருந்துகினு மன்னிச்சிக்கும். வாங்க."

அவர் குனிந்து உள்ளே வந்தார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். முதல் உருண்டையை வெட்கப்பட்டுக்கொண்டு தின்றார். இரண்டாவதை வெட்கப்படாமல் தின்றார். மூன்றாவதைக் கேட்டு வாங்கினார். திரும்பிப் போகும்போது கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் லொடலொடக்கிறது என்று அதட்டினார். அவளைப் பார்த்துத்தான் அதட்டினார். அந்த அதட்டல் பச்சையம்மாளுக்கு இனித்தது.

மரங்களை அப்புறப்படுத்தி வழி திறந்ததும் அவள் முதல் வேலையாக ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். அன்று மத்தியானமே சுப்புராயன் தாடியும் புழுதியுமாக வந்து சேர்ந்தார். வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய அண்ணன் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பெண்டாட்டி பக்கத்தில் நின்று, "கோணலா கீது மாமா, கொஞ்சம் மேல தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு இருக்குதும்மா எனக்கு" என்றார் கந்தசாமி, மேலே தூக்கிக்கொண்டே.

சுப்புராயன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அதே காட்சிதான். வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல், மறியலுக்குப் போன நாளிலிருந்து மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"அண்ணே, அரவ வருதே. வூட்ட எப்போ பூட்டறது?"

கந்தசாமி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"எவன்டா பூட்டச் சொன்னவன்?"

சுப்புராயன் குனிந்து சுத்தியலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். பச்சையம்மாளுக்கு அடக்க முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மூத்தார் எதிரில் வாய்விட்டுச் சிரித்தாள்.